குறட்டை விடுபவர் கண்ணையும் கவனிக்க வேண்டும்

தூக்கத்தில் மூச்சு நின்று போகும் நோய் பார்வை நரம்பையும் தாக்கக்கூடும்

குறட்டை என்றால் நம்மவர்களுக்குச் சிரிப்பு. கும்பகர்ணனில் தொடங்கி மாமனார் வரை யாரையாவது சொல்லிச் சிரிப்பார்கள். டில்லியிலிருந்து சென்னைக்குக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ போகிறவர்கள் இரண்டு இரவுகளை ரயிலில் கழிக்க வேண்டும். விளக்கை அணைத்த அரை மணி நேரத்தில் எந்த பெர்த்திலிருந்து சத்தம் வருகிறது என்று பெட்டி முழுவதற்கும் தெரிந்துவிடும். தெரியாதவர் ஒருவர்தான், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் காப்பி வரும்போது, "ராத்திரி பூரா தூக்கமே இல்லை சார்" என்று அவரே குறைப்பட்டுக்கொள்வார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

அவர் சொல்வது பொய்யல்ல. குறட்டை விடுகிறவர் எல்லோரும் ஆழ்ந்து தூங்குகிறார் என்று நினைப்பதுதான் தவறு. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குறட்டை திடீரென்று நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாமல் போய், பிறகு திணறலுடன் மீண்டும் தொடங்குகிறது. இரவு முழுவதும் இப்படியே நடக்கிறது. இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். தூக்க மூச்சுத் தடை என்று சொல்லலாம். இருதயம், ரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றோடு இதற்குள்ள உறவு பலருக்குத் தெரியும். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் பம்பாயில் காலமானபோது, தூக்க மூச்சுத் தடையே காரணம் என்று ஆஸ்பத்திரி அறிவித்ததால் பத்திரிகை படிப்பவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அது கண்ணையும் விடுவதில்லை என்பதைக் கண் டாக்டரிடம் போகிறவர்களில்கூடப் பலர் அறிந்திருப்பதில்லை. பைல்களும் கம்ப்யூட்டர் திரையும்தான் பிழைப்பு என்று வந்திருக்கும் குமாஸ்தாவுக்கும், ஊசியில் நூல் கோக்கும் தையல்காரருக்கும், ராத்திரி டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் இது சாதாரண விஷயமல்ல.

தொண்டையில் நடப்பது என்ன?

தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகலாக இருப்பவர்களுக்குக் காற்று உரசிக்கொண்டு போகும், அதுதான் குறட்டை. வழி அடியோடு அடைபட்டால் மூச்சு நிற்கிறது. பத்து விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு தடை என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. மூளை பயந்து உடம்பை உலுக்குகிறது. அவர் பாதி விழித்து, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி தூங்குகிறார். காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. மணிக்கு ஐந்து முறைக்கு மேல் மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அது நோய்; முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய். எட்டு மணி நேரத் தூக்கத்தில் இருநூற்று நாற்பது முறைக்கு மேல் ஒருவர் மூச்சுத் திணறுகிறார் என்றால், அதைத் தூக்கம் என்று எப்படிச் சொல்வது?

டில்லியில் இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக டாக்டர்கள் ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்கள். 30 முதல் 60 வயது வரை உள்ள டில்லிவாசிகளில் 13.7 சதவிகிதத்தினருக்கு மூச்சுத் தடை இருந்தது. பகலில் தூங்கி விழும் அளவுக்கு முற்றியவர்கள் சுமார் 3.6 சதவிகிதம். பெண்களை விட ஆண்களுக்கு அதிகம். பருமனானவர்களுக்குத்தான் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். கழுத்து குட்டையாக, தாடை சிறிதாக, மூக்கு அடைப்போடு இருக்கும் ஒல்லியான ஆசாமிக்கும் வரும்.

'பிக்விக் நோய்' என்று ஒரு பெயர் முன்பு வழங்கியது. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். கதவைத் தட்டிக்கொண்டே நின்றபடி தூங்கிவிடுவான். 1956ல் அமெரிக்க டாக்டர்கள் அவன் நினைவாக அந்தப் பெயரைச் சூட்டினார்கள். டிக்கன்ஸ் அதை வேடிக்கைக்காகத்தான் எழுதினார். வேடிக்கையாகப் பார்த்ததை வியாதி என்று உணர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

இமை தளர்வது முதல் அடையாளம்

கண்ணில் தெரியும் எளிய அடையாளம் மேல் இமையில்தான். மேல் இமைக்குள் விறைப்பான ஒரு தகடு இருக்கிறது. சிலருக்கு அது ரப்பர்போல் துவண்டுவிடுகிறது. விரலால் லேசாக மேலே இழுத்தால் இமை தானாகப் புரண்டுகொள்ளும். தூக்கத்தில் தலையணையில் உரசி இமை திறந்துகொள்கிறது; இரவெல்லாம் கண் காய்கிறது. காலையில் கண் சிவந்து, பீளை கட்டி, மண் விழுந்ததுபோல் உறுத்தும். வலது பக்கம் படுப்பவருக்கு வலக் கண்ணும், இடது பக்கம் படுப்பவருக்கு இடக் கண்ணும் அதிகம் சிவக்கும். 1981ல் அமெரிக்காவில் கல்பர்ட்ஸன், ஆஸ்லர் என்ற இரு டாக்டர்கள் இதை முதலில் விவரித்தார்கள். இப்படி இமை துவண்டவர்களைப் பரிசோதித்தால் பெரும்பாலோருக்குத் தூக்க மூச்சுத் தடை இருப்பது பின்னர் தெரியவந்தது.

டில்லியில் இதில் ஒரு சங்கடம் உண்டு. மே மாதம் லூ அடிக்கும், புழுதி பறக்கும். நவம்பரில் புகை மூட்டம். கண் சிவந்தால் "தூசிதான்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மருந்துக் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து எடுத்துக் கொடுப்பார். தூசியால் வரும் சிவப்பு வெளியே சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்பும்போது அதிகமாக இருக்கும். இது எழுந்ததும் அதிகமாக இருந்து பகலில் குறையும். இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே கண் டாக்டருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரே இரவில் போகும் பார்வை

இமைத் தொல்லை உபத்திரவம்தான், ஆபத்து அல்ல. ஆபத்து பார்வை நரம்பில் இருக்கிறது.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் அந்த நரம்பின் தலைப்புக்கு மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள்தான் ரத்தம் கொண்டுவருகின்றன. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் பிராணவாயு இறங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. பிறவியிலேயே நரம்பின் தலைப்பு நெருக்கமாக அமைந்தவர்களுக்கு, ஏதோ ஒரு நாள் விடியற்காலையில் ரத்த ஓட்டம் போதாமல் அந்த இடம் வீங்கிவிடுகிறது. நரம்புக்கு வரும் பக்கவாதம் என்று சொல்லலாம். வலி கிடையாது. எழுந்து பார்த்தால் ஒரு கண்ணில் கீழ்ப் பாதி திரை போட்டதுபோல் இருக்கும். எதிரே நிற்பவரின் முகம் தெரியும். சட்டைப் பொத்தான் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் வரலாம்.

சுவிட்சர்லாந்தில் இப்படிப் பார்வை இழந்த 17 பேரைத் தூக்கப் பரிசோதனை செய்து 2002ல் முடிவை வெளியிட்டார்கள். 12 பேருக்கு மூச்சுத் தடை இருந்தது. இந்த நோய் இல்லாத, அதே மாதிரியான 17 பேரில் மூன்று பேருக்கு மட்டுமே இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையில்தான் போகின்றன.

போன பார்வையை மீட்க நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே கவலை மற்றொரு கண்ணைப் பற்றியது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு கண்ணை இழந்தவர்களில் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் அடுத்த கண்ணும் பாதிக்கப்பட்டது. கடுமையான மூச்சுத் தடை இருந்தும் அதற்கான கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தாதவர்களுக்கு இந்த அபாயம் அதிகம் என்று பிரான்ஸில் 2015ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு கண்ணில் இப்படி நேர்ந்தவர் குறட்டை விடுபவராகவும் இருந்தால், தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப் போடக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்கத்தில் ரத்த அழுத்தம் இயற்கையாகவே குறையும். படுக்கப் போகும்போது மாத்திரையும் போட்டால் சிலருக்கு மிகவும் இறங்கி, நரம்புக்கு ரத்தம் போதாமல் போகலாம் என்று கண் நிபுணர்கள் சிலர் கருதுகிறார்கள். எந்த வேளையில் சாப்பிடுவது என்று டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்துவது விபரீதம்.

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. கண் அழுத்தம் சாதாரண அளவிலேயே இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் டாக்டர்கள் குறட்டையைப் பற்றி விசாரிப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. இந்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து கரைகிறது. நடுப் பார்வை கடைசி வரை இருப்பதால் ஆசாமி பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார், பஸ் ஏறும்போது பக்கத்தில் வருபவர் மேல் மோதிக்கொள்வார். இந்தியாவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 1.12 கோடிப் பேருக்குக் கிளாக்கோமா இருக்கலாம் என்று சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் 2010ல் மதிப்பிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

மருந்தே உறுத்தும்போது

மூச்சுத் தடைக்கு முக்கியமான சிகிச்சை மாத்திரை அல்ல, காற்று. சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் 1981ல் இதைக் கண்டுபிடித்தார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் பொருத்தி, மூக்கின் மேல் மாட்டிய மூடி வழியாக இரவு முழுவதும் லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். தொண்டை அடைபடவில்லை, மூச்சு நிற்கவில்லை. அதன் சீர்திருத்திய வடிவமே இன்று 'சிபாப்' என்று கடைகளில் விற்கிறது.

ஆனால் கண் விஷயத்தில் இந்தக் கருவி இருபுறமும் கூரான கத்தி. மூடி முகத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் மூக்குத் தண்டின் இரு பக்கமும் காற்று கசிந்து நேரே கண்ணுக்குள் அடிக்கிறது. மின்விசிறியைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு தூங்குவது போலத்தான். சிலருக்கு மூக்கிலிருந்து கண்ணீர்க் குழாய் வழியாகவே காற்று மேலேறி வந்துவிடும். கண் காய்ந்து, சிவந்து, காலையில் எரியும். மூடியைக் கழுவாமல் வைத்திருந்தால் கிருமித் தொற்றும் வரலாம். டில்லியின் ஜனவரிக் காற்றே வறண்டது. அறைக்குள் ஹீட்டரும் எரிந்தால் கேட்க வேண்டியதில்லை.

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். "இதைப் போட்டதிலிருந்துதான் கண் போச்சு" என்று கருவியைப் பரண் மேல் ஏற்றிவிடுகிறார்கள். கண் உறுத்தல் நின்றுவிடும். மூச்சுத் தடையும் பழையபடி வந்துவிடும். சரி செய்ய வேண்டியது மூடியைத்தான். வேறு அளவிலோ, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் வகையிலோ மாற்றிப் பார்க்கலாம். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைத்து முகத்தில் தழும்பு விழும்படி கட்டுவது பயனற்றது. மூடி கோணிக்கொண்டு கசிவு அதிகமாகும். காற்றை ஈரப்படுத்தும் பாத்திரம் சில கருவிகளில் உண்டு. படுக்கும் முன் கண்ணில் போடும் ஈரப்பசை மருந்தை டாக்டர் எழுதிக் கொடுப்பார். மூடியைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கிளாக்கோமா உள்ளவர்களுக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை. கருவி ஓடும்போது கண் அழுத்தம் சிறிது கூடுகிறது என்றும், நிறுத்திய அரை மணி நேரத்தில் குறைகிறது என்றும் பெல்ஜியத்தில் 21 பேரிடம் நடத்தி 2008ல் வெளியிட்ட ஆய்வு கண்டது. இதற்காகக் கருவியை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் 'இந்தக் கருவி போடுகிறேன்' என்று தெரிவித்துவிட்டால் அவர் அழுத்தத்தையும் நரம்பையும் அடிக்கடி பார்த்துக்கொள்வார்.

கருவி எல்லாவற்றையும் குணப்படுத்திவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். துவண்ட இமையின் தொல்லை பலருக்குக் குறைகிறது. பகல் தூக்கம் போகிறது. ஆனால் நீரிழிவினால் விழித்திரை வீங்கியவர்களுக்குப் பார்வை தெளிகிறதா என்று பிரிட்டனில் சோதித்துப் பார்த்தபோது, ஒரு வருஷம் கழித்தும் வித்தியாசம் தெரியவில்லை. நீரிழிவுக் கண்ணுக்குரிய சிகிச்சையை அதனதன் வழியில் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

யார் சொல்வது?

இந்த வியாதியில் ஒரு விசித்திரம். அடையாளம் நோயாளியிடம் இல்லை. பக்கத்தில் படுப்பவரிடம் இருக்கிறது. குடும்பத்தோடு இருப்பவருக்கு மனைவி சொல்வாள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு முனிர்க்காவிலோ கரோல் பாக்கிலோ நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கியிருப்பவருக்கு யார் சொல்வார்கள்? கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள், அல்லது கோபித்துக்கொண்டு படுக்கையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போதுதான் மனைவி பயந்து எழுப்புவாள். "என்னங்க, மூச்சே வரல்லியே" என்று அவள் சொன்னால், பயணக் களைப்பு என்று தள்ளிவிடாமல் தேதி போட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. அறை நண்பரும் கிண்டலை விட்டுவிட்டு, குறட்டை இடையில் நின்று போகிறதா, நின்றால் எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால், அதுவே டாக்டருக்குப் பெரிய உதவி.

பகலில் தெரியும் குறிகளும் உண்டு. காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது, மதியம் பைல் மேல் தலை சாய்வது, மெட்ரோவில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போவது. ஒரு நாள் தாண்டினால் அசதி. வாரத்தில் மூன்று நாள் தாண்டினால் விசாரிக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

டில்லியில் இதற்கு வசதி இருக்கிறது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், எதிரே சப்தர்ஜங் ஆஸ்பத்திரியிலும் நுரையீரல் பிரிவே தூக்க நோய்களையும் பார்க்கிறது. கண்ணுக்கு, கழக வளாகத்திலேயே 1967ல் தொடங்கிய டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் இருக்கிறது; பழைய டில்லிப் பக்கம் குரு நானக் கண் மையமும் தரியாகஞ்சில் ஷ்ராப் தர்ம ஆஸ்பத்திரியும் உள்ளன. மத்திய அரசு ஊழியர்கள் முதலில் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரியிலும், கம்பெனித் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலும் காட்டி மேல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க வேண்டும். கருவியின் விலை சில பத்தாயிரம் ரூபாய். அரசு ஊழியர்கள் முன் அனுமதி இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கருவி வாங்குபவர்கள் எந்த வருஷத்து மாடல் என்று பார்க்க வேண்டும்; உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு சிதைவதாகத் தெரிந்ததால், பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூனில் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

எல்லோருக்கும் கருவி தேவைப்படாது. லேசான தடை உள்ளவர்களுக்கு எடையைக் குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், இரவில் மது அருந்தாமல் இருப்பதும், மூக்கடைப்புக்கு வைத்தியம் செய்துகொள்வதும் போதுமானதாக இருக்கலாம். தூக்கம் வரவில்லை என்று தாமாகத் தூக்க மாத்திரை போடுவது மட்டும் கூடவே கூடாது. தொண்டைத் தசை இன்னும் தளர்ந்துவிடும்.

டாக்டரிடம் இந்தியில் சொல்லத் தயங்குபவர்களுக்கு இரண்டு சொல் போதும். குறட்டைக்கு 'கர்ராட்டே' என்பார்கள். மூச்சு நிற்கிறது என்பதற்கு 'ஸான்ஸ் ருக் ஜாதீ ஹை' என்று சொல்ல வேண்டும். கண் ஆஸ்பத்திரியிலும் இதையே சொல்லலாம். அங்கே யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் வந்துவிடக் கூடாது. நரம்பைப் பார்ப்பதற்காகக் கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். ஆகவே அன்று பிற்பகல் ஆபீசுக்குப் போகலாம் என்று அரை நாள் லீவு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில் பயனில்லை. துணைக்கு ஒருவரை அழைத்துப் போக வேண்டும். அறையில் பக்கத்துப் படுக்கைக்காரரையே அழைத்துப் போனால், குறட்டையைப் பற்றி டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.